ஒன்பது ஜோடி பூட்ஸ், ஒன்பது வேலை

கென்டக்கி மாநிலத்தில் ஒரு சிறிய செருப்புக் கடை. 2009-இல் அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படைக்கு அந்தக் கடை ஒன்பது ஜோடி பூட்ஸ் விற்றது. மொத்தத் தொகை சுமார் 890 டாலர். அது அரசின் பொருளாதார ஊக்க நிதியிலிருந்து வந்த பணம் என்பதால், விற்றவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. இந்தப் பணத்தால் எத்தனை வேலைகள் உருவாயின அல்லது காப்பாற்றப்பட்டன என்று அதில் ஒரு கேள்வி. கடையிலிருந்து ஒன்பது என்று பதில் போனது. ஒன்பது ஜோடி என்றால் அவற்றை மாட்டிக்கொண்டு ஒன்பது பேர் வேலைக்குப் போவார்கள், அதனால் ஒன்பது.

செய்தி வெளியானதும் நாடே சிரித்தது. எனக்கு அந்தக் கடைக்காரர்மீது மரியாதைதான் வருகிறது. ஏமாற்ற நினைத்தவர் 890 டாலருக்காக இவ்வளவு வெளிப்படையாக எழுத மாட்டார். கேட்ட கேள்விக்குத் தனக்குப் புரிந்தபடி நேர்மையாகப் பதில் சொன்னார். கோளாறு கேள்வியில் இருந்தது. அரசு கொட்டும் பணம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க நினைக்கும் எவரும் இந்த நிகழ்வை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இதில் நல்லெண்ணம் இருந்தது, சட்டம் இருந்தது, பணமும் ஆட்களும் இருந்தார்கள். இருந்தும் முதல் சுற்றில் தடுமாறியது, பிறகு சரியானது, கடைசியில் கைவிடப்பட்டது.

பணம் வந்த விதம்

2008-இல் அமெரிக்காவில் வீட்டுக் கடன் சந்தை உடைந்து வங்கிகள் ஆட்டம் கண்டதும், மாதாமாதம் லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். 2009 ஜனவரியில் பதவியேற்ற பராக் ஒபாமா, பிப்ரவரி 17 அன்று டென்வர் நகரில் அமெரிக்க மீட்பு மற்றும் மறுமுதலீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அன்றைய மதிப்பீடு 78,700 கோடி டாலர். பின்னாளில் அது ஏறி 84,000 கோடி டாலர் அளவுக்கு வந்தது.

இந்தத் தொகை ஒரே குழாயில் ஓடவில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரிக் குறைப்பாக மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் போனது. இன்னொரு பங்கு வேலையிழந்தோர் உதவித்தொகை, ஏழைகளுக்கான மருத்துவத் திட்டம் போன்றவற்றுக்கு. மீதி, அதாவது தொடக்க மதிப்பீட்டில் 27,500 கோடி டாலர், ஒப்பந்தம், மானியம், கடன் என்ற வடிவில் மாநிலங்கள், நகராட்சிகள், பல்கலைக்கழகங்கள், தனியார் நிறுவனங்களுக்குப் பிரிந்தது. சாலை போடுவது, பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது, ஆராய்ச்சி செய்வது, பூட்ஸ் வாங்குவது எல்லாம் இந்தக் கடைசிப் பங்கில் அடங்கும். கண்காணிப்பு என்று இங்கே பேசப்போவது பெரும்பாலும் இந்தப் பங்கைப் பற்றித்தான்.

தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் விடுவானா என்பார்கள். அவசரமாகக் கொட்டும் பணத்தில் ஒரு பகுதி திருடுபோகும் என்பது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் தெரியும். அதனால் சட்டத்துக்குள்ளேயே இரண்டு ஏற்பாடுகளை வைத்தார்கள். ஒன்று, மீட்பு நிதிப் பொறுப்புடைமை மற்றும் வெளிப்படைத்தன்மை வாரியம். பல துறைகளின் இன்ஸ்பெக்டர் ஜெனரல்கள் பன்னிரண்டு பேர் இதன் உறுப்பினர்கள். (நம் ஊர் போலீஸ் ஐ.ஜி.யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே ஒவ்வொரு அரசுத் துறைக்குள்ளும் அமர்ந்து, அந்தத் துறையையே விசாரிக்கும் சுதந்திரமான அதிகாரி இவர்.) வாரியத்தின் செலவுக்கு 8.4 கோடி டாலர் ஒதுக்கினார்கள். தலைவராக வந்தவர் ஏர்ல் டெவேனி. அதிபரைப் பாதுகாக்கும் சீக்ரெட் சர்வீஸில் நீண்ட காலம் புலனாய்வு செய்தவர், பிறகு அரசு நிலங்களையும் இயற்கை வளங்களையும் கவனிக்கும் இன்டீரியர் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரலாகப் பல ஊழல்களைத் தோண்டியெடுத்தவர்.

இரண்டாவது ஏற்பாடு சட்டத்தின் 1512-ஆவது பிரிவு. முந்தைய திட்டங்களிலிருந்து இந்தத் திட்டத்தைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

முப்பது நாள் சுற்று

வழக்கமாக அரசுச் செலவை அரசேதான் சொல்லும். இவ்வளவு ஒதுக்கினோம், இவ்வளவு விடுவித்தோம் என்று துறை தன் கணக்கை வெளியிடும். 2006-இலேயே அமெரிக்காவில் இதற்கென்று ஒரு சட்டம் வந்து, அடுத்த ஆண்டு இறுதியில் அரசுச் செலவுகளுக்கு ஒரு பொது இணையதளமும் வந்தது. ஆனால் அது துறைகள் தந்த எண்களைத்தான் காட்டியது. வாங்கியவர் என்ன செய்தார் என்பது அதில் இல்லை.

1512-ஆவது பிரிவு அந்த வழியைத் திருப்பிப் போட்டது. பணம் வாங்கியவரே ஒவ்வொரு காலாண்டும் முடிந்த பத்து நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். எவ்வளவு வாங்கினாய், எவ்வளவு செலவழித்தாய், எதற்காக, வேலை எந்த நிலையில் இருக்கிறது, உனக்குக் கீழே யாருக்குக் கொடுத்தாய், எத்தனை வேலைகள். பதினோராம் நாளிலிருந்து இருபத்தோராம் நாள்வரை முதன்மைப் பெறுநர் தன் கீழுள்ளவர்களின் அறிக்கையைச் சரிபார்க்கலாம். இருபத்திரண்டிலிருந்து இருபத்தொன்பதுவரை பணம் கொடுத்த மத்தியத் துறை பார்க்கலாம். முப்பதாம் நாள் எல்லாம் ரெக்கவரி டாட் கவ் என்ற இணையதளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. துறை அதிகாரி தவறைக் கண்டாலும் எண்ணை அவர் திருத்த முடியாது. குறிப்பு எழுதலாம், அவ்வளவுதான். திருத்த வேண்டியது அறிக்கை கொடுத்தவர். மேலதிகாரி நடுவில் புகுந்து கணக்கை அழகாக்கிவிடக் கூடாது என்பது இதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். அதே விதிதான் முதல் சுற்றில் பிழைகள் அப்படியே வெளியே வரவும் காரணமானது.

சுற்றுக்கு வெளியேயும் ஒரு கண் இருந்தது. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ., நம் ஊர் சி.ஏ.ஜி. போன்றது, சில மாநிலங்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும் என்று சட்டமே சொன்னது. அது பதினாறு மாநிலங்களையும் தலைநகர் வாஷிங்டனையும் தேர்ந்தெடுத்தது. வேலை எண்ணிக்கையைப் பற்றிக் காலாண்டுதோறும் கருத்துச் சொல்வதும் அதன் கடமை.

முதல் முழு அறிக்கை 2009 அக்டோபர் 30 அன்று வெளியானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகளைக் கூட்டி வந்த எண் 6,40,329 வேலைகள். கடைசி இலக்கம்வரை துல்லியமாக எழுதப்பட்ட எண். அந்தத் துல்லியமே பிறகு அரசை வதைத்தது. ஆறு லட்சத்துச் சொச்சம் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கேலி வந்திருக்காது.

508 பெருக்கல் 1.84

ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்கில் ஒரு சமூக நல அமைப்பு. குழந்தைகளுக்கான முன்பருவக் கல்வித் திட்டத்தை நடத்துவது. அங்கே வேலை செய்தவர்கள் 508 பேர். ஊக்க நிதியால் காப்பாற்றப்பட்டதாக அவர்கள் அறிக்கையில் வந்த வேலைகள் 935.

ஐந்நூற்றெட்டுப் பேர் இருக்கும் இடத்தில் 935 வேலை எப்படிக் காப்பாற்றப்படும்? அசோசியேட்டட் பிரஸ் நிருபர்கள் கேட்டார்கள். விஷயம் இதுதான்: வந்த பணம் ஊழியர்களுக்குச் சம்பள உயர்வு கொடுக்க. உயர்வு 1.84 சதவீதம். யாரும் புதிதாகச் சேரவில்லை, யாருடைய வேலையும் போகும் நிலையில் இல்லை. ஆனால் படிவம் வேலை எண்ணிக்கையைக் கேட்கிறது. அதனால் 508-ஐ 1.84-ஆல் பெருக்கினார்கள். 934.72 வந்தது. முழு எண்ணாக்கி 935.

கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் நுட்பமானது. 26.85 கோடி டாலர் ஊக்க நிதியைக் கொண்டு 26,000-க்கும் மேற்பட்ட வேலைகளைக் காப்பாற்றியதாக அது அறிவித்தது. அது அங்குள்ள மொத்த ஊழியர்களில் பாதிக்கு மேல். பணம் வராவிட்டால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்களா? மாட்டார்கள். அதைப் பல்கலைக்கழகத் தரப்பே ஒப்புக்கொண்டது. அவ்வளவு பேரின் சம்பளம் இந்த நிதியிலிருந்து போனது, அவ்வளவுதான். சம்பளம் கொடுத்த கணக்கு பொய்யில்லை. அதைக் காப்பாற்றிய வேலை என்று அழைத்ததுதான் பிரச்சினை.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு வேலை காப்பாற்றப்பட்டது என்றால் என்ன? பணம் வராமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். நடக்காத ஒன்றை எண்ணச் சொல்கிறது படிவம். ஒரு நகராட்சியின் கணக்கரோ கடை முதலாளியோ அதை எப்படிச் சொல்வார்? பொருளாதார வல்லுநர்களே அதை மாதிரிகள் போட்டு ஒரு வீச்சாகத்தான் சொல்வார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் அதே காலாண்டுக்கு அப்படித்தான் சொன்னது: ஊக்க நிதி இல்லாத நிலையோடு ஒப்பிட்டால் 6 லட்சம் முதல் 16 லட்சம் பேர்வரை கூடுதலாக வேலையில் இருந்தார்கள் என்று. கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இடையில் பத்து லட்சம் இடைவெளி. அதுதான் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதிலின் தோற்றம். அந்தக் கேள்வியைப் போய் செருப்புக் கடையில் கேட்டார்கள்.

நவம்பரில் ஜி.ஏ.ஓ. தன் ஆய்வை வெளியிட்டது. ஒரு டாலர்கூட வாங்கவில்லை, செலவழிக்கவில்லை என்று சொல்லிய 3,978 அறிக்கைகள் சேர்ந்து 50,000-க்கும் அதிகமான வேலைகளைக் கணக்கில் காட்டியிருந்தன. மறுபக்கம், பணம் செலவாகியும் ஒரு வேலையும் இல்லை என்று சொன்ன அறிக்கைகள் 9,247. இவை எல்லாமே தவறு என்று சொல்ல முடியாது. இயந்திரம் வாங்கியவருக்குத் தன் இடத்தில் வேலை எதுவும் உருவாகியிருக்காது. ஆனால் இவ்வளவு எண்ணிக்கை என்றால் கேள்வி பலருக்குப் புரியவில்லை என்றுதான் பொருள்.

இல்லாத தொகுதிகள்

அதே நவம்பரில் இன்னொரு குண்டு விழுந்தது. அரிசோனாவின் 15-ஆவது நாடாளுமன்றத் தொகுதிக்கு 7,61,420 டாலர் போய் 30 வேலைகள் உருவானதாக இணையதளம் சொன்னது. அரிசோனாவுக்கு அப்போது இருந்ததே எட்டுத் தொகுதிகள். தேடத் தேட நாடு முழுக்க இப்படி இல்லாத தொகுதிகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பல இடங்களில் தொகுதி எண் பூஜ்ஜியம்.

இல்லாத ஊருக்குப் பணம் போயிருக்கிறது என்று தலைப்புச் செய்திகள் வந்தன. பணம் உண்மையான ஊருக்கு, உண்மையான ஆளுக்குத்தான் போயிருந்தது. தன் தொகுதி எண் தெரியாத யாரோ கட்டத்தில் ஏதோ ஒரு எண்ணைத் தட்டியிருந்தார்கள். அந்த மாநிலத்தில் அப்படி ஒரு தொகுதி உண்டா என்று மென்பொருள் ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை. அஞ்சல் குறியீட்டை வைத்துத் தொகுதியைத் தானாக நிரப்புவது பெரிய வித்தை கிடையாது. இத்தனைக்கும் இந்தத் தளத்தைப் புதுப்பிக்கக் கொடுத்த ஒப்பந்தம் 95 லட்சம் டாலரில் தொடங்கி 1.8 கோடி டாலர்வரை போகக்கூடியது.

கீழவையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைவர் டேவிட் ஓபி, இந்தச் சட்டத்தை எழுதியவர்களில் முக்கியமானவர், ஒபாமாவின் கட்சிக்காரர். அவரே இந்தப் பிழைகளை வெளிப்படையாகக் கண்டித்தார்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பிழைகள் அத்தனையும் எப்படி வெளியே வந்தன? தரவு முழுவதையும் யார் வேண்டுமானாலும் பதிவிறக்கம் செய்யலாம் என்று வைத்திருந்ததால்தான். நிருபர்களும் உள்ளூர் ஆர்வலர்களும் ஒவ்வொரு வரியாகத் தோண்டினார்கள். முன்பு இதே அளவு பிழைகள் துறைகளின் அலமாரிகளில் கிடந்தன. யாரும் பார்க்கவில்லை, அதனால் யாரும் சிரிக்கவில்லை. முதல் தரவு அழுக்காகத்தான் இருக்கும் என்று டெவேனி முன்பே எச்சரித்திருந்தார். சுத்தம் செய்த பிறகு வெளியிடலாம் என்று காத்திருந்தால் அது வெளியாகவே இருக்காது என்பது என் கணிப்பு.

கேள்வியை மாற்றினார்கள்

2009 டிசம்பர் 18. வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் புதிய வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. இந்த நிகழ்வில் மிக முக்கியமான திருப்பம் அதுதான். ஆனால் செய்திகளில் அது பெரிதாக அடிபடவில்லை.

உருவான வேலை, காப்பாற்றிய வேலை என்ற பேச்சையே எடுத்துவிட்டார்கள். புதிய கேள்வி: இந்தக் காலாண்டில் ஊக்க நிதியிலிருந்து எத்தனை மணி நேர உழைப்புக்குச் சம்பளம் கொடுத்தீர்கள்? அதை ஒரு முழுநேர ஊழியரின் காலாண்டு மணிநேரத்தால் வகுக்கச் சொன்னார்கள். வாரம் 40 மணி, 13 வாரம் என்றால் 520 மணி நேரம். ஆளுக்கு 260 மணி நேரம் வேலை செய்த இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு வேலை.

இதற்குப் பதில் சொல்ல பொருளாதாரம் படிக்க வேண்டாம். சம்பளப் பட்டியலைத் திறந்து கூட்டினால் போதும். தணிக்கையாளர் வந்தால் அதே பட்டியலைக் காட்டலாம். செருப்புக் கடைக்காரர் பூஜ்ஜியம் என்று நிம்மதியாக எழுதலாம். ஜார்ஜியாவில் சம்பள உயர்வு கொடுத்தவர்களும், உயர்வுத் தொகையால் வாங்கிய மணி நேரத்தைத் தவிர வேறெதையும் கணக்கில் காட்ட முடியாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் எண் அப்போதும் பெரிதாகவே இருக்கும். ஆனால் நிதியிலிருந்து சம்பளம் போன வேலைகள் என்று அதற்குச் சரியான பெயர் இருக்கும்.

அதோடு பழைய காலாண்டுகளைக் கூட்டிக்கொண்டே போகும் வழக்கமும் நின்றது. ஒவ்வொரு காலாண்டும் தனித்தனி. அடுத்த சுற்றில் வந்த எண் ஏறக்குறைய 6 லட்சம். பழைய எண்ணோடு இதை ஒப்பிட முடியாது. அரசியல்ரீதியாக அது அரசுக்குச் சங்கடம்தான். எத்தனை வேலையைக் காப்பாற்றினோம் என்று மேடையில் முழங்க இனி இந்த எண் உதவாது. தெரிந்தே அந்த வசதியை விட்டுக்கொடுத்தார்கள். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

அறிக்கையே தராதவர்கள் விஷயத்திலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. தொடர்ந்து இரண்டு முறை அறிக்கை தராதவர்களின் பெயர்ப் பட்டியலை வாரியம் அதே தளத்தில் போட்டது. 2010 ஏப்ரல் 6 அன்று ஒபாமாவே துறைகளுக்கு எழுதி, தராதவர்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னார். தவறுவோர் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. அபராதத்தைவிட ஊரறியப் பெயர் வருவதற்கு மக்கள் அதிகம் பயப்படுகிறார்கள்.

படிவத்துக்குப் பின்னால் ஓர் அறை

பொதுமக்களுக்குத் தெரிந்தது இணையதளம். தெரியாதது வாஷிங்டனில் வாரியம் அமைத்த ஆய்வு மையம். மீட்பு இயக்க மையம் என்று பெயர். திருட்டைத் தடுத்ததில் இணையதளத்தைவிட இதற்கே பங்கு அதிகம் என்பது என் கருத்து.

அங்கே உட்கார்ந்திருந்த ஆய்வாளர்கள் பணம் வாங்கியவர்களின் பட்டியலை மற்றப் பட்டியல்களோடு ஒட்டிப் பார்த்தார்கள். அரசு ஒப்பந்தங்களிலிருந்து விலக்கிவைக்கப்பட்டவர்கள், திவாலானவர்கள், குற்ற வழக்கு உள்ளவர்கள், நிறுவனப் பதிவேடுகள். ஒரே முகவரியில் மூன்று நிறுவனமா? தடைசெய்யப்பட்ட ஒருவர் வேறு பெயரில் புது நிறுவனம் தொடங்கியிருக்கிறாரா? நேற்றுப் பதிவான நிறுவனத்துக்கு இன்று பெரிய ஒப்பந்தமா? பாலன்டிர் நிறுவனத்தின் மென்பொருள் இந்த உறவுகளைக் கோடு போட்டுத் திரையில் காட்டியது. சந்தேகம் வந்தால் குறிப்பு அந்தந்தத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரலுக்குப் போகும். பல நேரம் பணம் கைமாறும் முன்பே எச்சரிக்கை போனது.

பணம் போன பிறகு துரத்துவது எவ்வளவு வீண் வேலை என்பது புலனாய்வில் இருந்தவர்களுக்குத் தெரியும். தீர்ப்பு வருவதற்குள் பணம் கரைந்திருக்கும். டெவேனி இதைத் தன் பணிக்காலம் முழுக்கப் பார்த்தவர். அதனால் தடுப்பதில் கவனம் வைத்தார். அவர் வாரியத்தின் கணக்குப்படி, விசாரணைக்கு உள்ளான ஒப்பந்தங்களும் மானியங்களும் மொத்தத்தில் ஒரு சதவீதத்தைத் தொடவில்லை. இவ்வளவு பெரிய தொகையில் 5 முதல் 7 சதவீதம்வரை மோசடியில் போகலாம் என்று தொடக்கத்தில் பயந்தார்கள்.

அந்தச் சதவீதத்தை அப்படியே வெற்றியின் அளவாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. பெரும்பகுதிப் பணம் மாநில அரசுகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போனது. அவை ஓடிப்போகிற ஆட்கள் அல்ல. மேலும், பிடிபட்டதைத்தான் எண்ண முடியும்.

எட்டாத இடங்கள்

கண்காணிப்பு இரண்டு படிகளோடு நின்றது. ஒரு மாநிலப் போக்குவரத்துத் துறை பணம் வாங்குகிறது, முதல் படி. அது ஒரு நகராட்சிக்குக் கொடுக்கிறது, இரண்டாம் படி. நகராட்சி ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுத்தால் அந்தக் கொடுக்கல் மட்டும் தெரியும். அவர் துணை ஒப்பந்தக்காரருக்குக் கொடுப்பதும், அவர் ஜல்லி வாங்குவதும் வெளிச்சத்துக்கு வராது. கட்டுமானத் துறையைத் தெரிந்தவர்களுக்குப் பணம் எந்தப் படியில் ஒழுகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வரிக் குறைப்பாகப் போன பங்குக்கு யாரும் அறிக்கை தரத் தேவையில்லை.

இன்னொரு இடைவெளி எனக்கு மிகவும் உறுத்தலானது. 2011-இல் ஜி.ஏ.ஓ. ஒரு கணக்கை வெளியிட்டது. அரசுக்கு வரிப் பாக்கி வைத்திருந்த குறைந்தது 3,700 பேரும் நிறுவனங்களும் 2,400 கோடி டாலருக்கு மேல் ஊக்க நிதியை வாங்கியிருந்தார்கள். அவர்கள் வைத்திருந்த பாக்கி 75 கோடி டாலருக்கும் அதிகம். ஒரு துறைக்குப் பாக்கி வைத்தவருக்கு இன்னொரு துறை காசோலை கொடுக்கிறது. ஆய்வு மையத்தில் ஏன் இது தெரியவில்லை? வரித் தகவலை மற்றத் துறைகளுக்குச் சொல்லக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். குடிமக்களின் அந்தரங்கத்தைக் காக்கும் நல்ல சட்டம். அதன் நிழலில் இவர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அப்புறம் சொலிண்ட்ரா. கலிபோர்னியாவில் சூரியத் தகடு செய்த நிறுவனம். ஊக்க நிதித் திட்டத்தின்கீழ் 53.5 கோடி டாலர் கடன் உத்தரவாதம் வாங்கி, 2011 செப்டம்பரில் திவாலானது. இந்தப் பணம் ஒளிவு மறைவாகப் போகவில்லை, எங்கே போனது என்பது முதல் நாளிலிருந்தே ஊருக்குத் தெரியும். சீனத் தகடுகளின் விலை சரிந்துகொண்டிருந்தபோது அந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது சரியா என்பது வேறு கேள்வி. அதை எந்த இணையதளமும் சொல்லாது.

அறையைப் பூட்டினார்கள்

2011 இறுதியில் டெவேனி ஓய்வு பெற்றார். 2013-இல் முடிந்திருக்க வேண்டிய வாரியத்துக்குச் சாண்டி புயல் நிவாரணப் பணத்தைக் கண்காணிக்கும் வேலையும் கொடுத்து 2015 செப்டம்பர் 30 வரை நீட்டித்தார்கள். அன்றோடு வாரியம் கலைந்தது.

கலைந்த விதம் வருத்தமானது. பணம் வாங்கிய ஒவ்வொருவரையும் அடையாளம் காட்ட அரசு பயன்படுத்தியது டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்ற தனியார் நிறுவனத்தின் ஒன்பது இலக்க எண். அந்த நிறுவனத்தின் தரவைக் காட்ட உரிமம் வாங்க வேண்டும். உரிமம் முடிந்ததும் அந்தத் தரவு பொதுப் பார்வையிலிருந்து எடுக்கப்பட்டது. மக்கள் பணத்தின் தடத்தை மக்கள் பார்ப்பதற்கே வாடகை கட்ட வேண்டிய நிலையை ஆரம்பத்திலேயே யோசித்திருக்க வேண்டும். 2022 ஏப்ரலில்தான் அமெரிக்க அரசு சொந்த அடையாள எண்ணுக்கு மாறியது.

ஆய்வு மையத்தின் கதை இதைவிட மோசம். 2014 மே மாதம் வந்த புதிய தரவுச் சட்டம், அந்த மையத்தின் கருவிகளையும் திறனையும் நிதித்துறை எடுத்துக்கொள்ள வழி செய்தது. நிதித்துறை வேண்டாம் என்று முடிவு செய்தது. சிறிய தணிக்கை அலுவலகங்களுக்கு இது பெரிய இழப்பு என்று ஜி.ஏ.ஓ. எழுதியது. எழுதியதோடு சரி. ஆட்கள் கலைந்தார்கள்.

ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை. 2020 மார்ச் 27 அன்று கொரோனா நிவாரணச் சட்டம், 2.2 லட்சம் கோடி டாலர். 2009-ஐவிட இரண்டரை மடங்குக்கும் மேல். அதே சட்டம் பழைய வாரியத்தைப் பார்த்து ஒரு புதிய குழுவை உருவாக்கியது. 1,50,000 டாலருக்கு மேல் வாங்கியவர்கள் காலாண்டு அறிக்கை தர வேண்டும் என்றும் எழுதியிருந்தது. ஏப்ரலில் பட்ஜெட் அலுவலகம், ஏற்கெனவே உள்ள அறிக்கைகளே போதும் என்று வழிகாட்டியது. தொழில் நிறுவனங்களுக்கான கடன் திட்டத்தில் வாங்கியவர்களின் முழுப் பெயர்களும் தொகைகளும், பத்திரிகைகள் வழக்குப் போட்டு நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு 2020 டிசம்பரில்தான் வெளிவந்தன.

அந்தக் கடன்களை அவசரமாகக் கொடுத்தார்கள். விண்ணப்பித்தவர் தன்னைப் பற்றிச் சொன்னதை அப்படியே நம்பினார்கள். கடைகள் மூடிக்கிடந்த நேரத்தில் வேகம் தேவைதான், அதை மறுக்க முடியாது. 2023 ஜூனில், அந்தக் கடன்களைக் கவனித்த சிறுதொழில் நிர்வாகம் என்ற அரசு அமைப்பின் இன்ஸ்பெக்டர் ஜெனரல், இரண்டு கடன் திட்டங்களில் 20,000 கோடி டாலருக்கு மேல் மோசடியாளர்களிடம் போயிருக்கலாம் என்று மதிப்பிட்டார். அந்த அமைப்பு அதை மறுத்து 3,600 கோடி டாலர்தான் என்றது. குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், 2009-இன் வாரியத்துக்கு ஒதுக்கிய 8.4 கோடி டாலரைப் போல நானூறு மடங்குக்கும் மேல்.

புதிய குழு தன் ஆய்வு மையத்தை 2021-இல் முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. கட்டி முடித்து, கடன் வாங்கியவர்களின் சமூகப் பாதுகாப்பு எண்களை (அங்கே ஒவ்வொருவருக்கும் அரசு தரும் அடையாள எண்) சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பதிவேட்டோடு ஒட்டிப் பார்த்தார்கள். 2023 ஜனவரியில் முடிவைச் சொன்னார்கள்: 69,323 எண்கள் சந்தேகத்துக்குரியவை. சில எண்கள் யாருக்கும் கொடுக்கப்படாதவை, சிலவற்றில் பெயரும் பிறந்த தேதியும் பொருந்தவில்லை. அவற்றை வைத்து 540 கோடி டாலர் கடன் போயிருந்தது. பட்டியலோடு பட்டியலை ஒட்டிப் பார்க்கும் அதே பழைய வேலைதான். கடன் கொடுப்பதற்கு முன் செய்திருக்கலாம்.

அந்தக் குழுவும் 2025 செப்டம்பரோடு முடிய இருந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அதன் ஆயுளை 2034 வரை நீட்டியிருக்கிறது.